ஒற்றைக்காலில் ஏன் நிற்க முடியவில்லை? நடனத்தில் சமநிலை தவறும்போது வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், தள்ளாடும் மாணவர்களுக்கு நான் சொன்ன மருந்து ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் பயிற்சி செய்." அவர்களும் மாய்ந்து மாய்ந்து செய்தார்கள். தள்ளாட்டம் குறையவில்லை. எடையைத் தவறான இடத்தில் வைத்துக்கொண்டு நூறு முறை நின்றால் அந்தத் தவறுதான் உடம்பில் ஊறிப்போகும். ஒரு நாள் முகத்தையும் கையையும் பார்ப்பதை விட்டுவிட்டு, தரையில் அமர்ந்து பாதங்களை மட்டும் பார்த்தேன். இருபது பேரிடம் இருபது கோளாறுகள் இல்லை, சில கோளாறுகளே ஆள் மாற்றி ஆள் திரும்ப வருகின்றன என்பது அன்றுதான் தெரிந்தது.

அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். செலவோ காலமோ பிடிக்காத காரணம் முதலில் வரும். வாரக்கணக்கில் உழைக்க வேண்டியது அடுத்து. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் கடைசியில். வரிசையை மாற்ற வேண்டாம். காலணி தேய்ந்ததற்காகத் தசைப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

எந்தப் பக்கம் விழுகிறீர்கள்? கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. கைப்பேசியைத் தரையில், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் வைத்து, முன்னாலிருந்து ஒரு முறையும் பக்கத்திலிருந்து ஒரு முறையும் இருபது விநாடி பதிவு செய்யுங்கள். தூக்கிய கால் தரையைத் தொடும் அந்தக் கணத்துக்குச் சற்று முன் உடம்பு எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். மூன்று முயற்சி போதும். மூன்றும் ஒரே பக்கம் என்றால் காரணம் உடம்பின் அமைப்பிலோ பழக்கத்திலோ இருக்கிறது. மூன்றும் மூன்று பக்கம் என்றால் தரை, கண், களைப்பு இவற்றைச் சந்தேகியுங்கள்.

ஒரு விரல் சோதனை. சுவருக்கு அருகில் அதே நிலையில் நின்று, ஆள்காட்டி விரலின் நுனியால் சுவரைத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, சாயக் கூடாது. உடம்பைத் தாங்க அந்தத் தொடுகை எந்த வகையிலும் போதாது. ஆனாலும் அசைவு குறையும். உடம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்ற செய்தியை விரல் நுனி மூளைக்குத் தந்துவிடுகிறது. விரல் பட்டதும் அசைவு நன்றாக அடங்கினால், காலில் பலம் இருக்கிறது, செய்திதான் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது உள்ளங்கால், கண், காது என்று தேடுவேன். விரல் பட்டும் சாய்வு நிற்கவில்லை என்றால் எடை வைக்கும் இடத்தையும் பலத்தையும் பார்ப்பேன். என் வகுப்பில் இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்திய சோதனை வேறில்லை.

சிறு அசைவு கோளாறு அல்ல. சிலைபோல் நிற்க யாராலும் முடியாது. நிற்கும் உடம்பின் ஈர்ப்பு மையம் உயரத்தில் ஏறத்தாழ 55 சதவீதத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருக்கும் எடையைக் கணுக்கால் மூட்டின் மேல் நிறுத்த, கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டே இருக்கிறது. மெல்லிய ஊசலாட்டம் அதன் அடையாளம். அசைவு வளர்ந்துகொண்டே போனால் மட்டும் கீழே படியுங்கள்.

## அறிகுறி: ஒற்றைக்காலில் நின்றதும் கணுக்கால் படபடக்கிறது

### தரையும் காலணியும்

தடித்த கம்பளம், பஞ்சுப் பாய் இரண்டும் உள்ளங்காலுக்கு வரும் செய்தியை மழுங்கடிக்கும். கெட்டியான தரைக்கு மாறி மறுபடி நில்லுங்கள். காலுறையோடு நிற்கிறீர்கள் என்றால் கழற்றுங்கள். காலணி அணிந்து ஆடும் நடனமென்றால் இரண்டையும் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிப்பகுதி ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தால் நீங்கள் சரிவில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள்.

### விரல்கள் சுருண்டு தரையைக் கவ்வுகின்றனவா?

இதைத்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். பதினைந்து வயது மாணவி ஒருத்தி இடது காலில் பத்து விநாடிகூட நிற்கமாட்டாள். குனிந்து பார்த்தேன். பாதத்தின் மேற்புறத்தில் நரம்புகள் கம்பிபோல் புடைத்து நின்றன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பெருவிரலின் அடிமேடு மட்டும் தரையிலிருந்து ஒரு நூலளவு எழும்பியிருந்தது. பிடித்துக்கொள்வதற்காக விரல்களை மடக்குகிறோம். மடக்கியதும் பாதம் குறுகி, நிற்கும் இடம் இன்னும் சிறிதாகிறது. விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் படுக்கவைத்தபோது, "அக்கா, தரை பெரியதாகிவிட்டது" என்றாள். நிற்கும் இடம் உண்மையிலேயே பெரியதாகத்தான் ஆகியிருந்தது.

சரிசெய்ய: பத்து விரல்களையும் தூக்குங்கள். விசிறிபோல் விரியுங்கள். விரித்தபடியே இறக்குங்கள். அதன் பிறகு மற்றக் காலை எடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே வரிசை.

### முன்னும் பின்னும் அசைந்தால்

முழங்காலைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டிருந்தால் எடை குதிகாலுக்குப் போய்விடும். குதிகாலுக்குப் பின்னால் தாங்கத் தரை கிடையாது. முன்னால் ஒரு பாதத்தின் நீளமே இருக்கிறது. முழங்காலைப் பூட்டைத் திறப்பதுபோல் ஒரு நெல் அளவு தளர்த்துங்கள். மடக்க வேண்டாம். எடை கணுக்காலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் வரும். அங்கேதான் கெண்டைக்கால் தசையால் அதை ஆள முடியும்.

### உள்ளும் வெளியும் சரிந்தால்

பாதத்தின் அகலம் நீளத்தில் பாதிகூட இல்லை. ஆகவே பக்கவாட்டில் தவறு செய்ய இடம் குறைவு. எடை மூன்று புள்ளிகளில் இறங்க வேண்டும்: பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, குதிகால். ஒரு துண்டுத் தாளைப் பெருவிரல் அடிமேட்டின் கீழ் வைத்து நில்லுங்கள். மற்றொருவர் இழுக்கும்போது தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் எடை வெளிவிளிம்பில் இருக்கிறது. வராமல் சிக்கிக்கொண்டு, அதே சமயம் பாதத்தின் உள்வளைவு தட்டையாகிறதென்றால் எடை உள்ளே சரிகிறது. இரண்டாவதற்குப் பாதத்தின் சிறு தசைகளை வளர்க்க வேண்டும். விரல்களை மடக்காமல், பெருவிரல் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுப்பது நல்ல பயிற்சி. நாளுக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து. ஆறு வாரமாவது பிடிக்கும்.

### ஒரு காலில் மட்டும் என்றால்

அந்தக் கணுக்கால் எப்போதாவது பிசகியதா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தையதாக இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்து வலி போன பிறகும், தன் நிலையை மூளைக்குச் சொல்லும் திறன் அந்த மூட்டுக்கு முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம். சோதிக்க, அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடி ஒவ்வொரு காலிலும் நின்று விநாடியை எண்ணுங்கள். கண்ணை மூடினால் இளையவர்களுக்கே பத்து விநாடி எளிதல்ல, எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மற்றதில் பாதிதான் என்றால் தினமும் அந்தக் காலுக்குத் தனியாக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

நிபுணர்: இரண்டு மாதம் கழித்தும் வித்தியாசம் குறையாவிட்டால், அல்லது நடக்கும்போதே கணுக்கால் மடங்கினால், இயன்முறை மருத்துவரிடம் போங்கள். புதிதாகப் பிசகியதில் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ அன்றே எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

## அறிகுறி: காலைத் தூக்கியதும் இடுப்பு சரிகிறது, உடம்பு பக்கவாட்டில் ஒடிகிறது

### முதலில் அவசரத்தைப் பாருங்கள்

இரண்டு காலில் நிற்கும்போது எடை நடுவில் இருக்கிறது. ஒரு காலை எடுக்கும் முன் அது மற்றக் காலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்து சேருமுன் காலைப் பிடுங்கினால், இடுப்பை வெளியே தள்ளித்தான் சமாளிக்க முடியும். சோதனை எளிது. எடையை மாற்றுங்கள், தூக்க வேண்டிய காலின் விரல் நுனி மட்டும் தரையில் படட்டும், "ஒன்று, இரண்டு" எண்ணுங்கள், பிறகு எடுங்கள். சரிவு மறைந்தால் அவசரம்தான் காரணம். பாட்டின் வேகத்துக்குத் திரும்பும்போது அந்த மாற்றத்தை முந்தைய அடியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

### அவசரமில்லாமலும் சரிந்தால்

கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் இடுப்பெலும்பின் முன்முனைகளில் வையுங்கள். வலக்காலில் நிற்கும்போது இடது முனை கீழே இறங்கினால், வலது இடுப்பின் வெளிப்புறத் தசைக்குப் பலம் போதவில்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்த அடையாளம் இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒற்றைக்காலில் நிற்கும்போது அந்தச் சிறு தசை, உடம்பின் முழு எடையும் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்தாக வேண்டும். தசையின் இழுப்பும் சேர்வதால் இடுப்பு மூட்டில் இறங்கும் விசை உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்காகிறது. "நேராக நில்" என்று அதட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

பக்கவாட்டில் படுத்து மேல் காலைச் சற்றுப் பின்தள்ளித் தூக்குவது, படிக்கட்டின் விளிம்பில் ஒரு காலில் நின்று மற்ற இடுப்பை இறக்கி ஏற்றுவது, இவை இரண்டும் போதும். ஒன்று விட்டு ஒரு நாள் செய்தால் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

நிபுணர்: சரிவோடு இடுப்பிலோ தொடை மடிப்பிலோ வலி இருந்தால், அல்லது நொண்டல் தெரிந்தால், எலும்பு மருத்துவர். வளரும் பிள்ளைகளுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது.

## அறிகுறி: கால் உறுதியாக இருக்கிறது, கையை உயர்த்தினாலோ காலை நீட்டினாலோ சாய்கிறது

கையை உயர்த்தும்போது. இரு கைகளும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தலைக்கு மேலே தூக்கினால் ஈர்ப்பு மையம் ஐந்தாறு சென்டிமீட்டர் மேலேறுகிறது, நிற்பது சற்றுக் கடினமாகிறது. அது இயல்பு. ஆனால் நான் பார்த்த பலரும் கையோடு தோளையும் மூச்சையும் தூக்கிவிடுகிறார்கள். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: நிலையில் இருக்கும்போதே சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது அசைவு அடங்கினால் மூச்சைப் பிடித்திருந்ததுதான் காரணம். அடங்காவிட்டால் விலா எலும்புகள் முன்னால் பிதுங்குகின்றனவா, முதுகு பின்னால் வளைகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள்.

காலை முன்னால் நீட்டும்போது. ஒரு கால் என்பது உடம்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு எடை முன்னே போகும்போது மேலுடம்பு அணு அளவாவது பின்னே போய்த்தான் ஆக வேண்டும். "முதுகை அசைக்காதே" என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் இங்கே முன்னால் விழுவார்கள். அவர்களிடம், இடுப்பை மடிக்காமல் முழு உடம்பையும் கணுக்காலிலிருந்து சற்றுப் பின்னே கொண்டுபோகச் சொல்வேன். காலைப் பின்னால் நீட்டினால் இதற்கு நேர்மாறு.

சாய்வு தொடங்கும் கணத்திலேயே வந்துவிட்டால். கை அசைவதற்கு முன்பே கால் தசைகள் அதற்கு ஈடுகொடுக்கத் தயாராகிவிடுகின்றன. இந்த முன்னேற்பாடு பழக்கத்தில் வருவது. ஆகவே காலைத் தனியாகவும் கையைத் தனியாகவும் பழகிவிட்டுக் கடைசி வாரத்தில் சேர்த்தால் தள்ளாட்டம் நிச்சயம். தொடக்கத்திலிருந்தே, மெதுவாக, இரண்டையும் சேர்த்துப் பழகுங்கள்.

## அறிகுறி: அரைமண்டியிலோ முழுமண்டியிலோ பின்னால் விழுகிறது

முழங்காலைப் பாதி மடக்கி இறங்குவது அரைமண்டி, முழுவதும் மடக்கி இறங்குவது முழுமண்டி. முழங்கால் மடங்கும்போது இடுப்பு பின்னே போகிறதா என்று பாருங்கள். போனால், சுவரில் முதுகைச் சேர்த்து, வழுக்கி இறங்கிப் பழகுங்கள். வால் எலும்பு குதிகாலை நோக்கி நேராக இறங்கட்டும். பாதி ஆட்களுக்கு இதுவே போதும்.

போதாவிட்டால் கணுக்காலைச் சோதியுங்கள். சுவரைப் பார்த்து நின்று, பாதத்தைச் சுவரிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியாதவருக்குக் கெண்டைக்காலும் கணுக்காலும் இறுக்கம். அவர் ஆழமாக இறங்கும்போது ஈர்ப்பு மையம் பாதத்துக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு முயன்றாலும் விழத்தான் செய்வார். அவரைத் திட்டிப் பயனில்லை. தினமும் நீட்சிப் பயிற்சி, அதுவரை இறங்கும் ஆழத்தைக் குறைத்துக்கொள்வது, இரண்டும் வேண்டும்.

பாதங்களை இருபுறமும் திருப்பி இறங்கும் நிலைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இடுப்பு மூட்டு திரும்பும் அளவுக்கு மேல் பாதத்தை மட்டும் திருப்பிவைத்தால் முழங்கால் உள்ளே விழும், உள்வளைவு நசுங்கும், நிலை தடுமாறும். முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கே திருப்புங்கள். பார்க்க அழகு குறைவாக இருக்கலாம். முழங்கால் தப்பிக்கும்.

நிபுணர்: மண்டியில் முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, வீங்கினாலோ, திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ எலும்பு மருத்துவர்.

## அறிகுறி: சுழலும்போது இடம் நகர்கிறது

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நடுவில் தொடங்கி ஒரே ஒரு சுற்று. எங்கே முடிந்தது என்று குறியுங்கள். ஐந்து முறை செய்தால் படம் தெளிவாகிவிடும்.

### எப்போதும் ஒரே பக்கம் நகர்ந்தால்

உந்தித் தள்ளும் கணத்தில் எடை தாங்கும் காலின் மேல் வந்து சேரவில்லை. சுற்றுவதை நிறுத்துங்கள். அதே தயாரிப்பு, அதே எழுச்சி, ஆனால் சுழற்சி இல்லாமல் மூன்று விநாடி நில்லுங்கள். நிற்க முடியாத நிலையில் சுழலவும் முடியாது. முன்பாதத்தில் எழும்போது நிற்கும் இடம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேலே எடை வந்து நிற்க வேண்டும் என்பதால் எழுச்சி மேல்நோக்கி மட்டுமல்லாமல் சற்று முன்னோக்கியும் இருக்க வேண்டும். பலர் குதிகால் இருந்த இடத்துக்கு நேர் மேலே எழுகிறார்கள். பின்னால் விழுகிறார்கள்.

### திசை மாறி மாறி நகர்ந்தால்

கைகளைப் பாருங்கள். கைகளை மார்புக்கு அருகில் கொண்டுவந்தால் கோண உந்தம் (சுழலும் உடம்பின் மொத்த உந்தம்) மாறாமல் வேகம் கூடும் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு கை முன்பும் மற்றது பின்பும் வந்து சேர்ந்தால் அச்சு சாயும். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தாமதமாக வரும் கை தெரிந்துவிடும். பெரும்பாலும் அது உந்தும் பக்கத்துக் கையாக இருக்கும்.

அதிக வேகமும் காரணமாகலாம். ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றின் உந்துதலைக் கொடுப்பவர்கள் உண்டு. பாதி விசையில் முயன்று பாருங்கள்.

### சுழற்சி பாதியில் சிக்கினால்

தரையில் உராய்வு மிகுதி. பாதம் நின்றுவிட்டு உடம்பு மட்டும் சுழன்றால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இதில் பொறுமை காட்ட வேண்டாம். தரையை மாற்றும்வரை சுழற்சிப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி: சுழன்று நின்றதும் தலை சுற்றுகிறது

### தலை உடம்போடு சேர்ந்தே சுற்றுகிறதா?

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள திரவம் தலையின் சுழற்சியைச் சொல்கிறது. நீங்கள் நின்ற பிறகும் அது உடனே ஓய்வதில்லை. அறை எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். இதைக் குறைக்க நடனக் கலைஞர்கள் கண்மட்டத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, உடம்பு திரும்பும்போது தலையைக் கடைசிவரை அங்கேயே வைத்திருந்து, சட்டென்று திருப்பி அதே புள்ளிக்கு வருகிறார்கள். இதை நின்ற இடத்தில், மிக மெதுவாக, கால்களால் சிறு சிறு அடி வைத்துச் சுற்றிப் பழகுங்கள். தலை சாய்ந்தபடி திரும்பினால் மயக்கம் கூடும். காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

### தலையைச் சரியாகத் திருப்பியும் சுற்றினால்

நிறுத்தும் விதத்தைப் பாருங்கள். நின்றதும் கண்ணை மூடுவது தவறு. அசையாத பொருள் ஒன்றை உற்றுப் பாருங்கள், முழங்காலைத் தளர்த்துங்கள், மூச்சை வெளியே விடுங்கள். பார்வை நிலைத்தால் மயக்கம் விரைவில் தணியும்.

மற்றபடி இது பழகப் பழகக் குறையும். 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பாலே நடனக் கலைஞர்களையும் படகு வலிக்கும் வீராங்கனைகளையும் சுழலும் நாற்காலியில் வைத்துச் சோதித்தார்கள். நாற்காலி நின்ற பிறகும் சுழல்வதான உணர்வு நடனக் கலைஞர்களுக்குக் குறைந்த நேரமே நீடித்தது. காதிலிருந்து வரும் செய்தியைக் கையாளும் சிறுமூளைப் பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது. ஆண்டுக்கணக்கான பயிற்சியின் தழும்பு அது. ஆகவே முதல் மாதத்தில் பக்கத்துக்கு ஐந்து சுற்று போதும். இரண்டு பக்கமும் சம அளவு. குமட்டல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

### சுழலாமலே தலை சுற்றினால்

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறை சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதின் நுண்ணிய படிகங்கள் இடம் மாறி அரைவட்டக் குழலுக்குள் புகுந்திருக்கலாம். நிபுணர்: காது மூக்கு தொண்டை மருத்துவர். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே பலருக்கு இதைச் சரிசெய்துவிடுகிறார்கள். தலைச்சுற்றலோடு காது இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ சேர்ந்தால் நாள் கடத்தாதீர்கள். படுத்திருந்து எழும்போது மட்டும் கண் இருட்டினால் பொது மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: குதித்து இறங்கும்போது தடுமாற்றம்

தரையை விட்டுப் பிரிந்த பிறகு ஈர்ப்பு மையம் போகும் பாதையை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே இறங்கும் இடம் தவறினால் எழும் இடத்தைப் பாருங்கள். இரண்டையும் சுண்ணக்கட்டியால் குறித்தால் எந்தப் பக்கம் தள்ளி எழுகிறீர்கள் என்பது தெரியும்.

இடம் சரியாக இருந்து, இறங்கிய பின் தடுமாறினால் காதைப் பயன்படுத்துங்கள். "தொம்" என்று ஒலித்தால் முழங்கால் விறைப்பாக இருக்கிறது. விரல், முன்பாதம், குதிகால் என்று உருண்டு இறங்கி முழங்கால் மடங்கினால், நிற்க எடுக்கும் நேரம் கூடி மோதலின் விசை குறையும். ஒலியும் குறையும். கண்ணை மூடிக்கொண்டு வகுப்பின் ஒலியைக் கேட்டாலே யாருக்கு இந்தக் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே விழுந்தால், வகுப்பின் தொடக்கத்திலும் அப்படியா, கடைசியில் மட்டுமா என்று கவனியுங்கள். கடைசியில் மட்டும் என்றால் களைப்பு, குதிப்பைக் குறையுங்கள். தொடக்கத்திலேயே என்றால் மேலே சொன்ன இடுப்புத் தசைப் பயிற்சி.

நிபுணர்: முன்காலிலோ பாதத்திலோ ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, குதிக்கக் குதிக்கக் கூடி, ஓய்விலும் இருந்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: பயிற்சி அறையில் உறுதி, மேடையில் தள்ளாட்டம்

மேடைப் பதற்றம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. பாதிக்கு மேல் காரணம் கண்ணில் இருக்கிறது.

கண்ணாடியை நம்பிப் பழகியவர். பயிற்சி அறையில் அவர் தன் பிம்பத்தைப் பார்த்தே தன்னைத் திருத்திக்கொள்கிறார். மேடையில் எதிரே இருட்டு. சோதனை: இன்றே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அதே நிலையில் நில்லுங்கள். அசைவு கூடினால் விடை கிடைத்துவிட்டது. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே கண்ணாடியைத் திரையிட்டு மூடிவிடுகிறேன்.

அசையும் பொருளைப் பிடித்தவர். எங்கள் மாணவர் ஒருவர் ஒத்திகையில் அருமையாக நின்றார், நிகழ்ச்சியில் அதே நிலையில் இடப்பக்கம் சரிந்தார். இறங்கி வந்ததும் எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். நடுவரிசையில் நின்ற ஒளிப்பதிவாளரின் கேமராவில் எரிந்த சிவப்பு விளக்கை என்றார். அந்தச் சமயத்தில் ஒளிப்பதிவாளர் கேமராவோடு மெல்ல இடப்பக்கம் நகர்ந்திருக்கிறார். கண் போன வழியே உடம்பும் போயிருக்கிறது. அரங்கத்துக்கு முன்கூட்டியே போய், விளக்குகளை அணைத்த பிறகும் தெரிகிற, நகராத புள்ளி ஒன்றைத் தேடி வையுங்கள்: வெளியேறும் வழியின் விளக்கு, மாடியின் விளிம்பு. உடன் ஆடுபவரின் முகம் வேண்டாம்.

விளக்கும் தரையும். பக்கவாட்டு விளக்கு நேராகக் கண்ணில் விழுந்தால் அரங்கம் மறைந்துவிடும். அந்த இடத்தில் கடின நிலையை வைக்காதீர்கள், அல்லது திரும்பும் திசையை மாற்றுங்கள். சில அரங்குகளில் மேடையே பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். உருண்டால், எடையைச் சற்றுப் பின்னே வைத்து ஒரு முழு ஒத்திகை செய்தாக வேண்டும்.

உடை. தலை அலங்காரம் உடம்பின் உச்சியில் ஏறும் எடை. முழு உடையோடு ஒரு முறையாவது சுழன்று பார்க்காமல் மேடையேற வேண்டாம்.

## அறிகுறி: போன வாரம்வரை நின்றவர் இப்போது நிற்கவில்லை

தூக்கம், பசி, காய்ச்சல், சளியால் காது அடைப்பு, புதிய மூக்குக்கண்ணாடி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. இந்த ஆறையும் கேட்ட பிறகே உடம்பைப் பார்ப்பேன். மாத்திரைதான் காரணம் என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதின்ம வயதினர் என்றால் உயரத்தை அளந்து பாருங்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், தனக்குக் கலை வராது என்று முடிவுகட்டி விலகப் பார்த்தான். சுவரில் அவன் பழைய கோடு இருந்தது. ஐந்து மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். நீண்ட எலும்புகளுக்கும் உயர்ந்த ஈர்ப்பு மையத்துக்கும் மூளை புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் புதிய கடின நிலைகளைக் கொடுக்காமல், அடிப்படை நிலைகளை மெதுவாகத் திரும்பச் செய்யவைத்தால் போதும். அவன் விலகவில்லை.

வயது கூடியவர்களுக்கு இந்த மாற்றம் இருட்டிலோ குளிக்கும்போது கண்ணை மூடினாலோ மட்டும் தெரிந்தால், உள்ளங்காலில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சர்க்கரை அளவையும் நரம்புகளையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

## எந்தச் சோதனையும் செய்யாமல் உடனே போக வேண்டியவை

திடீர்த் தள்ளாட்டத்தோடு பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. பக்கவாதமாக இருக்கலாம், நிமிடங்கள் முக்கியம். தலையில் அடிபட்ட பிறகு வரும் தள்ளாட்டமும் இதே வகை.

அவசரமில்லாத காரணத்துக்காக நிபுணரிடம் போகிறவர்கள் கையில் மூன்று தகவல்களைக் கொண்டுபோங்கள்: எந்தக் கால், எந்தத் திசை, கண்ணை மூடினால் எத்தனை விநாடி. முதல் நாள் எடுத்த அந்த இருபது விநாடிப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். நடன உடையில் போக வேண்டியதில்லை. முழங்கால் தெரியும் உடையும், வழக்கமாக ஆடும் காலணியும் போதும்.